இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை

1

நகரசபையிலிருந்து ஒரு படிவம் வந்து ஒன்பது நாளாகிறது. குளிர் தொடங்கும் நேரத்தில் வருடா வருடம் வருகிற படிவம்தான். வாக்காளர் இடாப்பைப் புதுப்பிக்கிறார்கள். நம் ஊர் மாதிரி கிராம சேவகர் வந்து வாசலில் நின்று பேர் கேட்பதெல்லாம் இங்கே ஸ்கொட்லாந்தில், அபர்டீனில் கிடையாது. போன வருடம் நாம் கொடுத்த பெயர்களை அவர்களே அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுத் தாளில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: மகேந்திரன், சரஸ்வதி, அபிராமி. முதலாவது என் கணவர். இரண்டாவது நான். மூன்றாவது எங்கள் ஒரே மகள்.

பெயர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு கட்டளைகள். இங்கே இப்போது வசிக்காதவரின் பெயர்மேல் கறுப்பு மையால் கோடு போடவும். மாற்றம் எதுவும் இல்லையென்றால் கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்திடவும்.

அபி போன மாதம் கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போய்விட்டாள். ஆகவே ஒரு கோடு போட வேண்டும். அரை நிமிட வேலை. ஒன்பது நாளாக நான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். படிவத்தை முதலில் சமையலறை மேசையில் வைத்தேன். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். பிறகு ரொட்டி வைக்கிற பாண் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இவர் அதைக் கண்டுபிடித்துத் திரும்பவும் மேசைக்குக் கொண்டுவந்தார்.

இவருக்கு வேறொரு யோசனையும் இருக்கிறது.

"சரசு, அந்த ரூம் சும்மாதான கெடக்கு. நம்ம ஹொஸ்பிட்டல்ல புதுசா வந்திருக்கிற கேரளா நர்ஸ் புள்ள ஒன்னு தங்க எடம் தேடுது. அமைதியான புள்ள. குடுத்துருவமா?"

இவர் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். இடம் தேடுகிற பிள்ளைகளைக் கண்டால் மனம் இளகிவிடும். அபியிடம் டெலிபோனில் கேட்டேன். "குடுங்கம்மா, எனக்கு ஓகே" என்றாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "அந்த ஃபோர்ம்ல என் பேர வெட்டிருங்க. நான் இங்க பதிஞ்சிட்டேன்" என்றும் சொன்னாள்.

அப்பனும் மகளும் எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலை வீட்டுக்குள் இருக்க முடியாமல் கடற்கரை வரை நடந்து போனேன். மூடுபனியில் கடலே தெரியவில்லை. திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

2

எங்களுடையது இலங்கையில் எஹலியகொடையிலிருந்து உள்ளே ஏறிப் போகிற றப்பர்த் தோட்டம். பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். அம்மா அங்கே பால் வெட்டினார். அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். எனக்கு ஒரு தம்பி, சந்திரன். என் கணவர் கரவனெல்லப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல் பழகி, அபர்டீனில் ஒரு ரெஸ்டோரண்டுக்கு வேலை அனுமதி கிடைத்து வந்தார். தொண்ணூற்று நான்கில் மூன்று வயது அபியைத் தூக்கிக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. எழுந்து நின்று வெள்ளைக்கார டிரைவரைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "மெதன பஹினவா!" இங்கே இறங்குகிறேன் என்று நல்ல சிங்களத்தில். அந்த மனுசன் ஒரு கணம் திகைத்துவிட்டு பஸ்ஸை நிறுத்தினார். நுவரெலியாப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாது. அவர்களுக்குக் கடையிலும் பஸ்ஸிலும் தமிழே போதும். எங்கள் பக்கத்தில் தமிழ் லயத்தோடு நின்றுவிடும். ரோட்டில் கால் வைத்ததும் சிங்களம்தான். வெளியாள் என்றால் சிங்களம் என்று என் வாய் பழகியிருந்தது. ஸ்கொட்லாந்துக்காரரும் வெளியாள்தானே.

தமிழர் கூடுகிற இடங்களிலும் இப்படி ஏதாவது நடக்கும். ஒரு பிறந்தநாள் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என்னிடம் ஊர் கேட்டார். சொன்னேன்.

"எஹலியகொடையோ? அங்கையும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கோம்க்கா. நீங்க கழட்டி வச்சிருக்கிற செருப்பு எங்க பாலுல செஞ்சதா இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களை எந்த வரைபடத்திலும் யாரும் தேடுவதில்லை என்ற எரிச்சல் எனக்கு அப்போதே இருந்தது.

ஆறு வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். முழங்கை வரை றப்பர்க் கையுறை. முதல் நாள் அதை மாட்டியதும் அம்மாவின் மணம் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து அம்மா கையைக் கழுவிக் கழுவிப் பார்ப்பார். விரலிடுக்கில் ஒட்டுப்பால் ஒட்டிக்கொண்டே இருக்கும். பல்லால் கடித்து எடுப்பார். அன்றைக்கு முழுவதும் மீனை வெட்டிக்கொண்டே அழுதேன். குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்.

3

முப்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஊரில் ஏ.எல். பரீட்சையில் புவியியல் நன்றாகத்தான் செய்திருந்தேன், கெம்பஸ் போகிற வெட்டுப்புள்ளிக்கு மட்டும் புள்ளிகள் போதவில்லை. அந்தக் காயம் ஆறவேயில்லை. இங்கே மாலை வகுப்பில் இங்கிலீஷைச் சரிப்படுத்திக்கொண்டு, பொருளாதாரப் புவியியல் படிக்கச் சேர்ந்தேன். உடன் படித்ததெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். நான் அபியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பையில் சோற்றுப் பெட்டியோடு ஓடிப்போய் முன் வாங்கில் உட்காருவேன்.

முதல் வருடத்தில் கேத்தரின் என்ற விரிவுரையாளர் ஒரு றப்பர்க் கையுறையைத் தூக்கிக் காட்டி, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடையிலிருந்து என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை உயர்த்தினேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் விடிகிறபோதே மரத்தடியில் நிற்க வேண்டும் என்பதையும், மழை பெய்தால் வெட்ட முடியாது என்பதையும், கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும் என்பதையும், சிரட்டையில் விழுகிற பால் துறைமுகம் போகிற வழியையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஏதோ பிழையாகப் பேசிவிட்டோம் என்று எனக்குக் காது சுட்டது. வகுப்பு முடிந்ததும் கேத்தரின் வந்து, "உன் ஆய்வேடு எதைப் பற்றி என்று தெரிந்துவிட்டது" என்றார்.

அந்தப் படிப்பு எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. சந்தையைச் சுற்றி வட்டம் வட்டமாக நிலம் பிரிகிறது என்று ஒரு கோட்பாடு உண்டு. நடுவில் நகரம், அதைச் சுற்றி மரக்கறி, பிறகு விறகுக் காடு, பிறகு தானியம். அந்த வட்டங்களில் எங்கள் தோட்டத்தை எங்கே வைப்பது என்று நாட்கணக்கில் மண்டையை உடைத்தேன். எங்களுக்கு எஹலியகொடை நடுப்புள்ளி அல்ல. பாலுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு நடுப்புள்ளி, அரிசிக்கு வேறொன்று. ஆட்கள் மட்டும் அசையாமல் இருக்க வேண்டும் என்று யாரோ போட்ட திட்டம் அது.

ஆனால் ஆட்கள் அசைந்தார்கள். அதைத்தான் நான் வரைய விரும்பினேன். பாய்ச்சல் கோட்டுப் படம் என்று ஒன்று இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற ஆட்களைக் கோடாக வரைவார்கள். அதிகம் பேர் போனால் கோடு தடிக்கும். எங்கள் லயத்தில் இருபத்துநான்கு வீடுகள். ஒவ்வொன்றிலிருந்தும் யார் கொழும்புக்குப் போனார்கள், யார் குவைத்துக்குப் போனார்கள், யார் போய்த் திரும்பவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். எங்களை ஒரு படத்தில் ஏற்ற வேண்டும். அதுதான் ஆசை.

4

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போய்வர வசதியில்லை. ஆகவே தமிழில் ஒரு வினாக்கொத்து அடித்து, இருபத்துநான்கு பிரதி அனுப்புவதாகத் திட்டம். அதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக் குழுவின் படிவத்தில் ஒரு கேள்வி: ஆய்வு நடக்கும் இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதக் கடிதம் பெறப்பட்டதா? நான் நல்ல மாணவி. தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்குப் பல்கலைக்கழக முத்திரை வைத்த தாளில் கடிதம் எழுதினேன். துரை பதில் போட்டார். அன்புள்ள மேடம் என்று தொடங்கி, தாராளமாகச் செய்யலாம், ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தார். பால் வெட்டுகிறவளின் மகளைத் துரை மேடம் என்கிறார். அந்தக் கடிதத்தை இவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். பிரதி தருவதாகக் கையெழுத்துப் போட்டு, இருபத்துநான்கு வினாக்கொத்தையும் அவருக்கே அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து மொத்தமான ஓர் உறை வந்தது. அபிக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் பேசுவது விளங்கும், ஆனால் தமிழ் வாசிக்க வராது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பார்த்தேன். அகரம் தாண்டுவதற்குள் வயிற்றுவலி வந்துவிடும். உறையைப் பிரித்து மேசையில் பரப்பியபோது அவள்தான் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, இது எல்லாத்தையும் ஒரே ஆள்தான எழுதியிருக்கு?"

எழுத்துத் தெரியாத பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. இருபத்துநான்கும் ஒரே நீல மையில், ஒரே உருண்டைக் கையெழுத்தில் இருந்தன. எனக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியும். ராமையா தலைவர், எங்கள் லயத்துத் தொழிற்சங்கத் தலைவர். மரணப் பதிவானாலும் அடையாள அட்டை விண்ணப்பமானாலும் எங்கள் லயத்தில் அவர்தான் நிரப்புவார்.

ஆறாவது கேள்வி என் ஆய்வின் உயிர். இந்த வீட்டிலிருந்து வெளியூர், வெளிநாடு போனவர்கள் யார்? இருபத்துநான்கு தாளிலும் ஒரே பதில்: இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

மூன்றாம் வீட்டுச் செல்வி அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தாளில் அவர் வீட்டில் இருக்கிறார். பதினோராம் வீட்டு இரண்டு பையன்களும் கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார்கள். தாளில் இருவரும் பால் வெட்டுகிறார்கள். கடைசித் தாள் எங்கள் வீட்டுடையது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிற சந்திரனும் அதில் பால் வெட்டுகிறான். அவன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர். சரஸ்வதி, மகள், தொழில் பால் வெட்டு.

நான் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து வருடமாக நான் அபர்டீனில் இருக்கிறேன்.

5

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

எட்டு வயதில் ஒரு நாள் நான் லெட்சுமியாக நின்றிருக்கிறேன். லெட்சுமி பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே ஓர் அறை. ஆள் குறைந்துவிட்டது என்று தோட்டத்து ஒப்பீசுக்குத் தெரிந்தால் இன்னொரு குடும்பத்தை உள்ளே ஏற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் வேறு லயத்துக்குப் போகச் சொல்வார்கள். வேலைக்குப் பேர் பதிந்த ஆள் வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் காம்பராவே கையைவிட்டுப் போகும். லெட்சுமியைக் கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க விட்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை தலையெண்ண வருகிறார் என்று தெரிந்ததும் அவளுடைய அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார வைத்தார்.

"பேரு என்னான்னு கேட்டா லெட்சுமின்னு சொல்லு. அழுதுறாத."

கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அடுத்த காம்பராவில், எங்கள் வீட்டில், சரஸ்வதியாகவும் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அதையும் எழுதிக்கொண்டு போனார்.

அப்படி வளர்ந்தவள், வீட்டில் எத்தனை பேர், யார் போனார்கள் என்று கேட்டு, துரையின் கையாலேயே தாளைக் கொடுக்கச் செய்திருக்கிறேன்.

6

அம்மாவுடன் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில். எஹலியகொடை பஸார் வீதியில் காதர் நானாவின் கடை. அங்கே அம்மா வந்து நிற்பார், நான் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கடை டெலிபோனுக்கு எடுப்பேன். அந்த ஞாயிறு தலைவரும் கூட வந்திருந்தார்.

"அம்மா, ஏன் இப்பிடி எழுதிக் குடுத்தீங்க? தம்பி வெள்ளவத்தையிலதான நிக்கிறான்?"

"மெதுவாப் பேசு புள்ள. மொதலாளி கடையில ஆளு நிக்கிது."

"நான் மெதுவாப் பேசினா அங்க கேக்காதும்மா."

"தொரை காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நின்னு சொன்னாரு. சரஸ்வதி சீமையில படிக்கிது, எல்லாரும் நெரப்பிக் குடுங்க, ஒரு கொப்பி ஒப்பீசுக்கு வரும்னு. ஒப்பீசுக்கு வாற தாளுல என்னாத்த எழுதச் சொல்ற? மாசத்துல நாலு நாளு வந்து வேலைக்கி நின்னுட்டுத்தான் அவன் பேரக் காப்பாத்திக்கிட்டு இருக்கான்."

தலைவர் டெலிபோனை வாங்கினார். அவர் குரலில் அப்படியொரு சந்தோசம்.

"சரசு, நான் ராமையா மாமா பேசுறேன். எல்லாம் கரெக்டா எழுதியிருக்கேம்மா. ஒரு வீட்டுலயும் பெழை இல்ல. வயசெல்லாம் பொறந்த சட்டிபிகேட்டப் பாத்தே போட்டேன். நீ பாஸாகிருவ."

"மாமா, நான் கேட்டது உண்மைய."

அவர் சாவதானமாகச் சொன்னார்:

"உண்மைக்கு ஒனக்கு எதுக்கும்மா தாளு? அதுதான் ஒனக்கே தெரியுமே."

7

அவர் சொன்னதை நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். தெரியுமே, பிறகென்ன? மூன்று வாரம் இராப்பகலாக உட்கார்ந்து எனக்குத் தெரிந்த உண்மையை வரைந்தேன். பெயர் போடவில்லை, வீட்டு இலக்கம் போடவில்லை. லயம் ஒரு நீளப் பெட்டி, அதிலிருந்து கோடுகள். கொழும்புக்குத் தடித்த கோடு, வளைகுடாவுக்குச் சிவப்பு, திரும்பி வந்தவர்களுக்குப் புள்ளிக்கோடு. வடக்கு நோக்கித் தன்னந்தனியாக ஒரு மெல்லிய கோடு போனது. அது நான்.

கேத்தரின் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தார். நினைவிலிருந்து வரைந்தது என்பதையும் ஓர் ஆய்வு முறையாக எழுதிவிடலாம் என்றார். மேற்படிப்புக்கு ஆய்வுக்கொடை கிடைக்க இது போதும், நானே சிபாரிசுக் கடிதம் எழுதுகிறேன் என்றார். வீடு வரைக்கும் நான் நடக்கவில்லை, ஓடினேன். முப்பத்தைந்து வயதுப் பொம்பிளை, சேலைமேல் மழைக் கோட்டுப் போட்டுக்கொண்டு.

அன்று பின்னேரம் படத்தை மேசையில் விரித்துவிட்டு, துரை பார்க்கிற மாதிரி பார்த்தேன். பெயர் இல்லாவிட்டால் என்ன? இருப்பதே ஒரு லயம். துரையிடம் இடாப்பு இருக்கிறது. இடாப்பையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கோடு எந்தக் காம்பராவிலிருந்து புறப்படுகிறது என்று அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். அம்மாவுக்கு வேலை முடிகிற வயது. சந்திரனின் பெயர் மட்டும்தான் அந்தக் காம்பராவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கேத்தரினிடம் போய், தோட்டத்துக்குப் பிரதி அனுப்பாமல் விடலாமா என்று கேட்டேன். அவர் நல்லவர். ஆனால் நான் எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கடிதம் அனுமதிக் குழுவிடம் இருக்கிறது. இதை நீ முன்னமே யோசித்திருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன்.

"தம்பி பேரு சரிம்மா. என் பேர எதுக்கு எழுதினீங்க? நான் இங்க வந்து பத்து வருசமாச்சே. இனிமே நான் வந்து பாலா வெட்டப் போறேன்?"

"வெட்டவா சொன்னேன்? பேரு இருக்கட்டும்னேன்."

"எதுக்கும்மா?"

"பேர வெட்டிட்டா, நீ வாறப்ப எந்த வீட்டுக்கு வருவ?"

காதர் நானாவின் கடையில் யாரோ சோடாப் போத்தல் உடைக்கிற சத்தம் கேட்டது. அம்மா, அபி சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார்.

படத்தைச் சுருட்டி ஒரு குழாயில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். வேறு நாட்டுத் தோட்டங்களைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் திரட்டி ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது, ஆய்வுக்கொடை கிடைக்கவில்லை. கேத்தரின் வாசித்துவிட்டு, இதில் நீ எங்கேயும் இல்லையே என்றார். துரைக்கும் ஒரு பிரதி போனது. எங்கள் லயம் அதில் இல்லை.

இப்போது ஒரு பலசரக்கு விநியோகக் கம்பெனியில், எந்த லொறி எந்த ஊருக்கு எந்த வழியால் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போடுகிறேன். படித்தது வீண்போகவில்லை என்று இவர் சொல்வார். சில நாட்களில் எனக்கும் அப்படித் தோன்றும். பல நாட்களில் அலுமாரிக்கு மேலே பார்க்காமல் அறையைக் கடந்து போவேன்.

8

இரண்டாயிரத்து ஏழில் அம்மா தவறிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் வரைக்கும் அந்தக் காம்பராவில்தான் இருந்தேன். சந்திரன் வாசலில் படுத்தான், நான் அம்மாவின் பாயில் படுத்தேன். அபியும் வருவதாக இருந்து பரீட்சை என்று நின்றுவிட்டாள்.

ஒரு காலையில் கணக்கப்பிள்ளை இடாப்போடு வந்தார். அம்மாவின் பெயரை எடுக்க வந்திருக்கிறார். பழையவர் ஓய்வுபெற்றுவிட்டார், புதியவர் என்னுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். இடாப்பைப் பிரித்து, அம்மாவின் பெயர்மேல் கோடு போட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மத்த ரெண்டு பேரும் இருக்காங்கதானே?" என்று சந்திரனைக் கேட்டார்.

"இருக்கோங்க."

"சரஸ்வதி?"

சந்திரன் என்னைப் பார்த்தான். என் கழுத்தில் கம்பளிச் சால்வை, கால்மாட்டில் விமானத்துச் சீட்டு ஒட்டிய பெட்டி. கணக்கப்பிள்ளை பெட்டியைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

"அதுதான் நேர்லயே நிக்கிறாங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்.

நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அம்மாவுக்காக வாய்விட்டு அழுதேன். போவதற்கு ஒரு வீடு இருந்தது. அம்மா சொன்ன மாதிரியே இருந்தது.

9

நேற்று மாலை அபி திரும்பவும் டெலிபோன் எடுத்தாள். குளிர் சட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம், தபாலில் போட வேண்டுமாம். பேச்சுக்கு நடுவில் கேட்டாள்:

"என் பேர வெட்டிட்டீங்களாம்மா?"

"நாளைக்கு அனுப்புறேன்" என்றேன். அது பொய்யில்லை.

"ரூம அந்த நர்ஸ் அக்காவுக்குக் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "சுவத்துல இருக்கிற என் படங்கள மட்டும் கழட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் வைத்த பிறகு அவளுடைய அறைக்குப் போனேன். கட்டில் விரிப்பு அப்படியே இருந்தது. குளிர் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. எடுத்து மடித்து, பார்சல் கட்டத் தாள் தேடி அலுமாரிக்கு மேலே கையைவிட்டபோது அந்தக் குழாய் தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருந்தது. கவனமாகத்தான் வரைந்திருக்கிறேன். அளவுத்திட்டம் சரி, திசை சரி, கோடுகளின் தடிப்பும் சரி. போனவர்கள் எல்லோரும் போன இடத்தில் இருந்தார்கள். அதைப் பார்த்திருந்தால் அம்மா, எதற்கு இத்தனை பேரை வெளியே தள்ளி வைத்திருக்கிறாய் என்று கேட்டிருப்பார்.

சமையலறைக்கு வந்து படிவத்தை எடுத்தேன். கறுப்புப் பேனா. அபிராமி என்ற பெயரின்மேல் முனையை வைத்துப் பார்த்தேன், கை நகரவில்லை. கீழே இறங்கி, மாற்றம் எதுவும் இல்லை என்ற கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அதையும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இவர் வேலையால் வந்து, தேத்தண்ணீர்க் கோப்பையோடு மேசையில் உட்கார்ந்தார். படிவத்தை இழுத்துப் பார்த்தார். மூன்று பெயர், அடையாளம், என் கையெழுத்து. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பிள்ளை காய்ச்சலில் கிடந்து, சிரித்து, கதவை அறைந்து பதினைந்து வருடமாக வளர்ந்த வீடு என்று சொல்வதா, கேரளத்துப் பிள்ளையிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொல்வதா?

இவரும் கரவனெல்ல லயத்துப் பிள்ளைதான். தாளை இரண்டாக மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார்.

"அந்தப் புள்ளைக்கு வேற எடம் பாத்துக் குடுப்பம்" என்றார். "இங்கதான் ஆள் இருக்கே."